ஏழாம் எண் பகுதியின் ஆட்சேபணைகள்

எங்கள் அலுவலகத்துக்கு வயதாகிவிட்டது, அதைக் கொண்டாட வேண்டும் என்று மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த அதிகாரிக்குத் தோன்றியது. கொண்டாட்டம் என்றால் சிறப்பு மலர். மலர் என்றால் அதில் அலுவலகத்தின் வரலாறு. எழுத ஆள் தேடியபோது எல்லா விரலும் என் பக்கம் நீண்டது. ஓய்வு பெற எட்டு மாதம் மிச்சமிருந்த வரைவாளர் நான். மற்றவர்கள் மாற்றலில் வந்து மாற்றலில் போகிறவர்கள். நான் ஒருத்திதான் இந்தத் தீவிலேயே பிறந்து, படித்து, ஒரே மேஜையில் உட்கார்ந்து பழைய பெருச்சாளி ஆனவள்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேரும் அதன் சுற்றுவட்டாரமும் இனி எப்படி வளர வேண்டும் என்று காகிதத்தில் முடிவு செய்வது. எங்கே வீடு, எங்கே ரோடு, எங்கே பள்ளிக்கூடம், எங்கே சுடுகாடு. ஊரைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்போம். குடியிருப்புக்கு மஞ்சள் அடிப்போம், தண்ணீருக்கு நீலம். சில வருஷத்துக்கு ஒருமுறை வரைவுத் திட்டம் ஒன்று தயாராகும். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, முப்பது நாள் அவகாசம் கொடுத்து, பொதுமக்களிடம் ஆட்சேபணை கேட்போம். வருகிற கடிதம் ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவோம். பதில் போடுவதில் மட்டும் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

மலர் வேலை என் தலையில் விழுந்த அதே வாரம்தான் சாத்தம் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, மேலே இருக்கும் சரிவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் இருப்பது பாம்பூஃப்ளாட்டில். தினமும் ஃபெர்ரியில் சாத்தம் வந்து இறங்கி, ஜெட்டி வாசலில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் அலுவலகம் போவேன். டீ போடுகிற அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அந்தச் சரிவில்தான் அவள் குடிசை. மழைக்கு மண் சரிகிறது, எல்லாரும் மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள், மாற்று இடம் தருகிறோம் என்பது நோட்டீஸ். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் மாற்று இடம் வந்தது. அவளுக்கு மட்டும் வேறு காகிதம் வந்தது. அதை என்னிடம் நீட்டினாள்.

அவளுடைய கணவர் பெயரில் ஏழாம் எண் பகுதியில் ஏற்கெனவே மனை இருக்கிறதாம். ஆகவே அவள் நிலமற்றவள் அல்லவாம். மாற்று இடம் கிடையாது, குடிசையைக் காலி செய்துவிட்டுச் சொந்த மனைக்குப் போகலாம் என்று எழுதியிருந்தது.

நான் அப்போது சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். "நல்ல இடம்க்கா. நான்தான் வரைஞ்சேன். நாப்பதடி ரோடு, விளையாட்டு மைதானம், வாட்டர் டேங்க் எல்லாம் இருக்கு," என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டாள். சொந்த நிலத்துக்குப் போகக் கசக்கிறதாக்கும் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

வரலாறு எழுதுவது முதலில் சுலபமாகத்தான் இருந்தது. மரக்கட்டிடம், தகரக் கூரை, வேறொரு துறையிடம் இரவல் வாங்கிய இரண்டு மேஜை. மழை பிடித்துக்கொண்டால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, அதனால் சண்டைகூடக் குறைவு. அமோனியாவில் வரைபட நகல் எடுக்கிற அறையிலிருந்து வெளியே வந்தால் கண் எரிந்து அழுகிற மாதிரி இருக்கும். எங்கள் அலுவலகத்தில் யாரும் உண்மையிலேயே அழுதால் கண்டுபிடிக்க முடியாது என்று அப்போது கேலி செய்வோம்.

அந்தக் காலத்து வழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், நடந்ததெல்லாம் அதனால்தான். பழைய வரைபடத்தின் மேல் மெல்லிய தாளைப் போட்டு அப்படியே பார்த்து வரைவோம். புதியதைச் சேர்ப்போம். பழையதை நீக்க மட்டும் எங்களுக்கு அதிகாரம் கிடையாது. ஒரு கோட்டை நீக்க வேண்டுமென்றால் யாராவது நேரில் போய்ப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். வெயிலில் சகதியில் நேரில் போக யாருக்கு ஆசை? அதனால் ஒருமுறை வரைந்தது வரைந்ததுதான். எத்தனையோ வருஷத்துக்கு முன் எரிந்து போன மரக்கிடங்கு ஒன்று எங்கள் படங்களில் நெடுநாள் இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் இதே வழக்கம்தான், தாள் போய்த் திரை வந்தது.

சுனாமி வந்த வருஷத்தில் தெற்கு அந்தமானில் தரையே ஓர் ஆள் இடுப்பளவு இறங்கிப் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பல வயல்களில் புகுந்த கடல் திரும்பிப் போகவில்லை. ஏழாம் எண் பகுதியிலும் தண்ணீர் புகுந்தது எனக்குத் தெரியும். கழிமுகத்தை ஒட்டிய சின்னக் குடியிருப்பு அது. எங்கள் பாம்பூஃப்ளாட்டில் தண்ணீருக்குப் பயந்து போய்விட்டுத் திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதுபோல அங்கேயும் தண்ணீர் வடிந்து ஜனங்கள் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். நினைக்கக் காரணமும் இருந்தது. அங்கிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு வரைவுக்கும் பதினோரு ஆட்சேபணை. பதினோரு குடும்பம், பதினோரு விதமான கையெழுத்து. தமிழ்க் கடிதம் என்பதால் நான்தான் படித்து, சுருக்கம் எழுதி மேலே அனுப்புவேன். முகவரி எழுதிய உறை அனுப்புகைப் பிரிவுக்குப் போய்விடும். எல்லா ஊர் ஆட்சேபணையும் ஒரே அழுகையாக இருக்கும், ஏழாம் எண்ணில் மட்டும் ஜீவன் இருக்கும். பக்கத்து வீட்டுப் பலாமரம் எங்கள் கூரைமேல் சாய்கிறது, ரோடு போடும்போது அதை எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் எழுதுவார். பலாமரத்தில் யாராவது கை வைத்தால் நடப்பதே வேறு என்று மரத்துக்காரர் எழுதுவார். சுனாமிக்குப் பிந்தைய முதல் வரைவில் ஒருவர், மகள் பள்ளிக்கு நெடுந்தூரம் நடக்கிறாள், பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார். அடுத்த வரைவில் அவரே, மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம், வீட்டை நீட்டிக் கட்ட இடம் விடுங்கள் என்று கேட்டார். அதற்கடுத்ததில் பேரன் பிறந்திருந்தான். பதினோராவது கடிதம் யாரையும் குறை சொல்லாது. எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு விளக்குக் கம்பம் வேண்டும், என் மனைவி சுமை தூக்கிக்கொண்டு இருட்டில் வருகிறாள் என்று மட்டும் இருக்கும்.

கேட்டதெல்லாம் அவர்களுக்குக் கிடைத்தது. நாங்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல. மற்ற இடங்களில் ஒரு ரோட்டை அகலப்படுத்தினால் பத்துப் பேர் கோர்ட்டுக்குப் போவார்கள். ஏழாம் எண்ணில் எதை மாற்றினாலும் கடிதத்தோடு சரி, யாரும் வழக்குப் போடுவதில்லை. ஏற்கப்பட்ட ஆட்சேபணைகள் இத்தனை என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டுமென்றால் ஏழாம் எண் கைகொடுக்கும். அப்படியே படத்தில் ரோடு அகலமானது, மைதானம் வந்தது, டேங்க் வந்தது. ஜனத்தொகைக்கு எங்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு, பழைய எண்ணை அதில் போட்டுப் பெருக்கினால் புதிய எண் வரும். அப்படிப் பெருக்கிப் பெருக்கி, ஏழாம் எண் குட்டி நகரமாகவே ஆகிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் ஏட்டில் காய்த்த சுரைக்காயின் எடையைக் கொடி தாங்கவில்லை.

சுனாமி அத்தியாயத்துக்காகப் பதிவறையில் பழைய நிவாரணக் கோப்புகளைப் புரட்டியது ஒரு பகல் வேளையில்தான். வெளியே நல்ல வெயில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் கிரிக்கெட்டைப் பற்றி ஹிந்தியில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். காணாமல் போனவர்களின் பகுதிவாரிப் பட்டியல் இருந்தது. ஏழாம் எண்ணுக்கு வந்தபோது முதல் பெயர் தெரிந்த பெயராக இருந்தது. பலாமரத்துக்காரர். இரண்டாவது, அந்த மரத்தின்மேல் புகார் சொன்னவர். நான் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினேன். பதினோரு குடும்பத் தலைவர்களும் இருந்தார்கள். பள்ளிக்கு நடந்த மகளும் இருந்தாள், பெயருக்கு எதிரே வயது எட்டு என்று போட்டிருந்தது.

எட்டு வயதில் போன பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு இடம் விட்டது நான். அவளுடைய பேர் சொல்லப் பிறந்த பிள்ளைக்கு மைதானம் வரைந்ததும் நான். பயந்தேன் என்றே சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது. கோப்பை மூடி வைத்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்று சொல்வதை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

கொஞ்சம் தெளிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பயம் போனால் அடுத்தது கோபம்தான். பேய் வந்து தபால் போடாது. நாங்கள் பதில் போட்டோமே, அது எந்த முகவரிக்குப் போனது? அனுப்புகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அது என் வேலை இல்லை என்பதால் அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. பதினோரு பதிலும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குப் போயிருந்தன. டீக்கடை, சாத்தம் ஜெட்டி வாசல்.

அடுத்த நாள் காலையில் நான் டீ கேட்கவில்லை. கூட்டம் கலையும் வரை நின்றேன். பட்டியலின் நகலை அவள் முன்னால் வைத்ததும் அவள் மறைக்கவெல்லாம் இல்லை. அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்து, தானாகவே சொல்லிவிட்டாள். சுனாமி அன்றைக்குக் காலையில் அவள் டவுனுக்கு மீன் கொண்டுவந்திருந்தாள். திரும்பிப் போனபோது ஊர் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. மற்றவர்களின் உறவுக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு நிவாரணம் வாங்கிக்கொண்டு போனார்கள். கணவர் இறந்துவிட்டார் என்று ஒரு வரி எழுதினால் அவளுக்கும் வீட்டுமனை தருகிறோம் என்றார்கள். உடம்பைப் பார்க்காமல் எப்படி எழுதுவது என்று அவள் எழுதவில்லை. சரிவில் குடிசை போட்டுக்கொண்டாள். பிறகு ஒருநாள் எங்கள் நோட்டீஸ் போர்டைப் பார்த்திருக்கிறாள். வரைபடத்தில் அவர்கள் ஊர் மஞ்சள் அப்படியே இருந்தது, அவர்கள் வீட்டுக் கட்டம்கூட இருந்தது. அவர் பேரில் ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறாள்.

"நீங்க பதில் போட்டீங்க மேடம். அவரு பேரு போட்டு, திரு போட்டு, சர்க்கார் முத்திரை போட்டு வந்துச்சு. செத்தவனுக்கு சர்க்கார் பதில் போடுமா?"

உன் வீட்டுக்காரர் பேரில் எழுதினாய் சரி, மற்ற பத்துப் பேர் பேரிலும் கையெழுத்தை மாற்றி மாற்றி ஏன் எழுதினாய் என்று கேட்டேன். பலாமரச் சண்டையெல்லாம் எதற்கு? அவள் பாலைப் பார்க்கிற சாக்கில் எழுந்துவிட்டாள்.

அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நேரில் பார்க்காமல் இத்தனை வருஷம் நான் வரைந்ததையும் சேர்த்துத்தான். எனக்குப் பிள்ளை வயதுதான் அவனுக்கு. நல்ல பையன், என்மேல் எரிந்து விழவில்லை. திரையில் ஏழாம் எண்ணைத் திறந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மலரின் அட்டைக்கு அதைத்தான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தானாம். பிறகு விதியைப் புரட்டினான். ஒரு பகுதியை நீக்க ஆய்வறிக்கை வேண்டும். அங்கே யாருடைய ஆட்சேபணைகள் ஏற்கப்பட்டிருக்கின்றனவோ அவர்களுடைய சம்மதமும் வேண்டும். இறந்திருந்தால் வாரிசு எழுதித் தரலாம். பத்துப் பேருக்கு வாரிசுகள் எழுதிக் கொடுத்தது நிவாரணக் கோப்பிலேயே இருந்தது. ஒருவருக்கு மட்டும் இல்லை.

ஏழாம் எண் மஞ்சளாக இருக்கும் வரை அவளுக்கு நிலம் இருக்கிறது, நிலம் இருக்கும் வரை மாற்று இடம் கிடையாது, மாதக் கடைசியான வெள்ளிக்கிழமை குடிசையை இடிப்பார்கள். அவள் ஒரு வரி எழுதினால் எல்லாம் மாறும். இதை நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கேட்டுவிட்டு, எழுதுவதானால் அங்கே வைத்துத்தான் எழுதுவேன் என்றாள். ஆய்வுக்கு நானும் போயாக வேண்டும். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

புதன்கிழமை போனோம். பஸ்ஸில் ஒரு மணி நேரம், பிறகு நடை. கடல்நீர் வற்றுகிற நேரம் நண்பகல் என்று அவள் விசாரித்து வைத்திருந்தாள். தார் ரோடு ஒரு மேட்டிலிருந்து இறங்கி, நேராகச் சகதிக்குள் போனது. இரண்டு பக்கமும் செத்த தென்னைகள் தலையில்லாமல் நின்றன. காற்றே இல்லை. நண்டுகள் ஓடுகிற சின்னச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமும் இல்லை.

நான் கையில் வரைபடத்தை விரித்துக்கொண்டேன், பழக்க தோஷம். அப்போதுதான் அதைப் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் அலையாத்தி மரம் அடர்ந்து கிடந்தது. ஆனால் நான் கற்பனையில் வரைந்த நாற்பதடி ரோட்டின் மேல் ஒரு செடிகூட முளைக்கவில்லை. நான் வளைத்த இடத்தில் அந்தச் சகதிப் பாதையும் வளைந்தது. மைதானம் என்று கட்டம் போட்ட இடம் திறந்து கிடந்தது. நீரோட்டம் அப்படி அமைந்திருக்கலாம். தற்செயலாகவும் இருக்கலாம். அறிக்கையில் நான் அதை எழுதவில்லை, எழுதினால் மெமோவோடு மனநல மருத்துவரையும் அனுப்பியிருப்பார்கள். ஆனால் அந்தப் பாதையில் நடக்கும்போது நான் ஓரமாகவே நடந்தேன், யாருக்கோ வழி விடுகிற மாதிரி.

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். எங்கே எது இருந்தது என்று சொல்லிக்கொண்டே போனாள். இது பலாமரத்து வீடு. இது அந்தப் பிள்ளை வீடு, வாசலில் எப்போதும் கோலம் இருக்கும். அங்கெல்லாம் சகதிதான் இருந்தது, என்றாலும் அவள் ஒவ்வொரு வாசலையும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள். கடைசியில் ஒரு கிணற்றின் உறை சேற்றுக்கு மேல் முழ உயரம் தெரிந்தது. அதன் விளிம்பைக் கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். இதுதான் அவர்கள் வீட்டுக் கிணறு.

நான் அட்டையையும் பேனாவையும் கொடுத்தேன். என்ன எழுத வேண்டும் என்று சொல்லித் தர வாயெடுத்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். எங்கள் அலுவலகத்துக்கு எப்படி எழுத வேண்டும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். பெறுநர், பொருள், பார்வை எல்லாம் வரிசையாகப் போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் தன் பெயரில் எழுதிய கடிதம் இதுதான் முதல். கணவர் பெயருக்கு வந்ததும் பேனா நின்றது. நான் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது பெயருக்கு முன்னால் 'லேட்' என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு சொல் மட்டும் மற்ற எழுத்தைவிடச் சின்னதாக இருந்தது.

அந்தக் காகிதம் வேலை செய்தது. வியாழக்கிழமையே இடிப்பை நிறுத்தி உத்தரவு வந்தது, பிறகு மற்றவர்களைப் போல அவளுக்கும் மேட்டில் இடம் கிடைத்தது. ஏழாம் எண்ணில் நீலத்தை நிரப்பியது என் கைதான். எனக்கு மெமோ வந்தது, அதற்கு நான் தகுதியானவள்தான். மலரில் நான் எழுதிய வரலாற்றில் சுனாமி அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அன்றைக்குக் கிணற்றடியில் இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. வேலை முடிந்தது, தண்ணீர் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. காகிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, வா அக்கா, போகலாம் என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. நான் கடைவாசலில் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் சொன்னாள்.

"இம்புட்டு நாளும் கடுதாசியில அக்கம்பக்கம் இருந்துச்சு மேடம். பலாமரத்துக்கு அடிச்சுக்கிட்டாங்க, பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணாங்க, ஊரு ஊரா இருந்துச்சு. அவருக்கும் பேச்சுத் துணை. இனிமே இங்க அவரு மட்டும்ல தனியா இருப்பாரு."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் நான் வரைந்த ரோட்டின் வழியாகத் திரும்பி வர ஆரம்பித்திருந்தது. கணுக்கால் வரை ஏறும் வரைக்கும் நான் அவளை அவசரப்படுத்தவில்லை.